எட்டில் ஐந்து

மூன்று மணிக்கொரு தடவை வெளியே வந்து
வானத்தை எட்டாக வெட்டுவேன்.
மேகம் எத்தனை பங்கு?
இதற்குக் கருவி தரவில்லை. கழுத்து இருக்கிறது.
எட்டில் ஐந்து என்று எழுதும்வரை
அது விர்வே என்பவளின் அபிப்பிராயம்.
தொலைபேசியில் தாலினுக்குச் சொல்லி முடித்ததும்
அது வானிலை.

பார்வைத் தூரத்துக்குத் தீவே அளவுகோல்.
காஸ்க் வீட்டுக் கிணறு தெரிந்தால் நானூறு மீட்டர்.
தேவாலயக் கூரையின் தகரச் சேவல், ஒன்றரைக் கிலோமீட்டர்.
தெற்கு முனையில் கலங்கரை விளக்கம், நான்கு.
அதற்கப்பால் கடல்;
கடலில் யாரும் அடையாளம் நட்டு வைப்பதில்லை.

அக்டோபர் பதினேழு, பிற்பகல் மூன்று.
நான்கு என்று எழுதினேன்.
எண்டலின் படகு இரவு திரும்பவில்லை.
மூன்றாம் நாள் ஒரு காலணியும்
பாதி வலையும் வந்தன.

விசாரிக்க வந்த அதிகாரி ஈரக் கோட்டை
என் அடுப்பருகே காயப்போட்டார்.
அதற்குள் நிறையச் சேர்த்திருந்தார்:
மூடுபனியில் தன் படகின் மூக்கே தெரியவில்லை என்று தாவி.
மூடுபனியா, துணி காயவைத்தேனே என்று தபால்காரி.
குடித்திருப்பான் என்று குடிக்கிறவர்கள்.
பனி அப்புறம்தான் இறங்கியிருக்கும்,
முன்பே இருந்தால் அவர் கயிற்றையே அவிழ்க்க மாட்டார் என்று
மனைவி சல்மே.
செத்தவனைப் பற்றி எல்லோரிடமும் நிச்சயம் இருந்தது.
அதிகாரி என் பதிவேட்டின் மேல் விரலை வைத்தார்.
"இதுதான் உண்மை. மற்றதெல்லாம் பேச்சு.
விளக்கம் தெரிந்ததா உங்களுக்கு?"
"அது எங்கே இருக்கிறது என்று தெரியும்."
"தெரியுமா, தெரிந்ததா?"

இருபத்திரண்டு வருடம் அதே கல்லின் மேல் நின்று
அதே திசை.
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல
கண் தானே போகும்.
வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு கோபுரம்
அன்று அங்கே இருந்தது.
இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை,
இன்றும் இருக்கிறது, போய்த் தொடலாம்.
நான் பார்த்தேனா என்பதைத்தான்
தொட முடியவில்லை.

சந்தேகத்துக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
"என் கையெழுத்துதான்" என்றேன்.
கேட்டதற்கு அது பதில் இல்லை,
ஆனாலும் எழுதிக்கொண்டார்.
அறிக்கை வந்தது: நல்ல வெளிச்சம், தெளிவான கடல்,
ஓட்டியவரின் கவனக்குறைவு.
காப்பீட்டுப் பணம் பாதி.

அதன்பின் கடையில் சல்மே
நான் ரொட்டி வாங்கி முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பாள்.
வெறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.
அதுவும் என் கணிப்புதான்.
காற்று வாங்க நின்றிருக்கலாம்.
குளிர்காலம் முழுக்கவா?

மார்ச்சில், தரை சேறான ஒரு பிற்பகல்,
மூன்றுக்கு ஐந்து நிமிடம் முன்
வேலியைத் திறந்துகொண்டு வந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. கல்லில் இடம் விட்டேன்.
இரண்டு பேருக்கான கல் அல்ல அது,
தோள் இடித்தது.
கடலிலிருந்து ஏதோ வெளுப்பாக ஏறிக்கொண்டிருந்தது.
கிணறு இருந்தது. சேவல், பாதி.
மீன்காரி அடுத்தவளின் எடைக்கல்லைப் பார்ப்பதுபோல
அவள் தெற்கே பார்த்தாள்,
நெடுநேரம்.
"தெரியவில்லை" என்றாள்.

எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.
உள்ளே போய்ப் பேனாவைத் திறந்தேன்.
காற்று மேற்கிலிருந்து, நொடிக்கு ஆறு மீட்டர்.
அதற்குக் கருவி இருக்கிறது;
ஜனவரியில் உறைந்துபோகும்.
தூரத்துக்கான கட்டத்தில்
நுனி நின்ற இடத்திலேயே நின்றது,
மை ஒரு புள்ளியாக ஊறியது.
தாலின் மணியடித்தது.