படகு போகாது

என்.சி. வீதியில் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு றவுட்டர்.
லவேந்தினி இழுத்து வைப்பாள்.
நான் எழுதுவேன்.

அவள் ஒரு கடலைப் பிடித்துத் திரையின் நடுவில் போடுவாள்.
மூலையை இழுத்தால் கடல் பெருக்கும்.
பொத்தானைத் தூக்கித் திமிங்கிலத்தின் முதுகில் வைப்பாள்.
பத்து மணிக்குத் தொடங்கிய பக்கம்
புரியாணிப் பார்சல் வருமுன் முடிந்திருக்கும்.

நான் அப்போதும்
கோண அடைப்புக்குறிகளைத் திறந்துகொண்டிருப்பேன்.
திறந்ததை மூட வேண்டும்.
எனக்கிருக்கும் ஒரே ஆசாரம் அதுதான்.

கிண்ணியாவிலிருந்து நௌபீல் வந்தார்.
இரண்டு பைபர் படகு, நாற்பது குதிரைவலு,
உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்கும் மூன்று விடுதிகளோடு வாய்ப்பேச்சு.
திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தளம் வேண்டுமாம்.

அவள் செய்ததை அவருடைய கீறல் விழுந்த போனில் திறந்தோம்.
ஏழு செக்கன். (நான் எண்ணினேன், சத்தமாக.)
பிறகு ஊர்ப்பெயர் வந்தது:
திருகோணமலையின் கோ உடைந்து
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவே அநாதையாய் ஒரு க.
கீழே வீதியில் மான் ஒன்று
தன் கொம்பை அட்டைப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

எழுத்துக்கு எழுத்து மூன்று பிக்சல் விலகி நின்றால் அழகு என்று
எவனோ, எங்கோ,
கொம்பும் காலும் இல்லாத மொழியில் நினைத்திருக்கிறான்.
அச்சுவார்ப்புக்குள் இறங்கி
ஆயிரத்து நூறாவது வரிக்குப் பக்கத்தில் அவனைக் கண்டுபிடித்தேன்.
ஒரே ஒரு வரி எழுதினேன்: இடைவெளி பூச்சியம்.
கோ கூடிக்கொண்டது.

வென்றவள் போல நிமிர்ந்தேன்.
"அப்ப நீயே முழுக்க எழுதன்" என்றாள் லவேந்தினி,
கோழிக்காலைக் கடித்தபடி.

எழுதினேன். ஒன்பது நாள்.
இரண்டு நாள் மின்வெட்டு, அதில் ஒரு நாள்
பற்றரி தீரத் தீரக் கையில் கொப்பியோடு.
பூப்போல ஒரு பக்கம்.
நிலாவெளியின் ஒற்றைக் கோட்டுச் சிக்னலிலும்
கண் மூடித் திறக்குமுன் வந்து நிற்கும்.

"வடிவாத்தான் இருக்கு தங்கச்சி," என்றார் நௌபீல்.
"டீசல் ஏறினா, விலைய எங்க மாத்துற?"

கோப்பைத் திறந்து காட்டினேன்.
இங்கே, இந்த இரண்டு மேற்கோள் குறிக்கும் நடுவில்.
கவனம், இதைத் தொட்டுவிடாதீர்கள்.
அவர் தலையாட்டினார்.
அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரிந்ததுதான்.
போன மாதம் அவர் எஞ்சினின் மூடியைக் கழற்றி
இதுதான் கோளாறு என்று காட்டியபோது
நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

அன்று பின்னேரம் சண்டை.
கொள்கைச் சண்டை அல்ல, காசுச் சண்டை:
அவளுடையது அரை நாள், என்னுடையது ஒன்பது நாள்,
பங்கு பாதி பாதி.
அது இன்னும் பேசி முடியவில்லை.
ஆனால் நௌபீலிடம் போனது அவளுடைய பக்கம்தான்.
ஆயிரத்துச் சொச்சம் வரிகளுக்குள்
என்னுடைய அந்த ஒரு வரியோடு.

வைகாசி. இரவு முழுக்கக் கச்சான்,
தகரங்கள் தூங்கவில்லை.
விடிய நாலு நாற்பதுக்கு ஏனோ தளத்தைத் திறந்தேன்.
திமிங்கிலத்தின் முகத்துக்குக் குறுக்கே
இரத்தச் சிவப்பில், கோணலாய், பொத்தானை மறைத்துக்கொண்டு:

இண்டைக்கி கடல் சரியில்ல.
படகு போகாது. காசி திருப்பித் தருவன்.
நௌபீல்.

கரையில் நின்று, நனைந்த பெருவிரலால் அடித்திருப்பார்.
யாரையும் எழுப்பவில்லை.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
பெட்டிக்குள் பெட்டிக்குள் பெட்டி, பதினாலு ஆழம்.
சிலது ஒன்றுமில்லாமல் வெறுமனே கிடக்கிறது.
அடியில் அவருடைய சொற்கள்.
விரல் துடித்தது, கோணலை நிமிர்த்த, வெறும்பெட்டிகளை அள்ளி எறிய.

போகாது என்பதில்
போ உடையாமல் நின்றது,
கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டு.

ஒன்றையும் திருத்தவில்லை.
அந்தச் சிவப்பை மட்டும் கொஞ்சம்...
இல்லை, அதையும்தான்.