திறப்பு வராத செவ்வாய்

என்னிடம் பதினொரு திறப்புகள் இருக்கின்றன.
முன்கேற்றுக்கு ஒன்று, ஜெனரேட்டர் அறைக்கு ஒன்று,
பல்கனிக் கதவுக்கு இரண்டு
(ஒன்று முறிந்தது, எறிய மனமில்லை).
படத்துக்கு மட்டும் இல்லை.

படம் கறுப்புப் பெட்டியில் வரும்,
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், மருந்துப் பார்சல்களோடு.
அதன் திறப்பு பிறகுதான் வரும்,
நான் வரைபடத்தில் தேடிப் பார்த்த ஒரு நாட்டிலிருந்து,
இத்தனை மணிக்குப் பிறந்து
இத்தனை மணிக்குச் சாகிற இலக்கங்களாக.
அதுவரை பெட்டி
அலஸ்தோட்டத்துக் கரையில் கிடக்கும் கல்.

படத்தை எடுத்தது அந்தக் கம்பனி.
நல்ல படம் என்று எழுதிய பத்திரிகை அந்தக் கம்பனியுடையது.
இரவில் மனைவி பார்க்கிற சனலும்,
மகனின் பள்ளிப் பையில் பறக்கிற முகமூடிக்காரனும்.
பையின் சிப் ஒரு மாதத்தில் போய்விட்டது.
பறக்கிறவன் இன்னும் சிரிக்கிறான்.

பொய் சொல்லக்கூடாது.
போன வருடம் அவர்களின் படமொன்றில்
தொலைந்த நாய் திரும்பி வந்த இடத்தில்
ஒப்பரேட்டர் அறைக்குள் விக்கி விக்கி அழுதேன்.
நாலு காட்சியும் அழுதேன்.

ஒப்பந்தம் பதினேழு பக்கம்.
முதலாளி விமலதாசன் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் படித்தார்.
மூன்று கிழமை, நாளுக்கு நாலு காட்சி,
ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓட வேண்டும்.
ஓடுகிறது.
செவ்வாய் காலை பத்தரைக்கு
நகரங்கள் இடிந்து விழுகிற சத்தத்தில்
ஏசிக் குளிருக்காக வந்த இரண்டு பேர் உறங்குகிறார்கள்.

நஸ்ஹா கிண்ணியாவிலிருந்து வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
ஒரே ஒரு செவ்வாய், காலைக் காட்சி,
இருபத்திரண்டு நிமிசம்தான்.
முதலாளி கையை விரித்தார்.
அந்த இரண்டு பேரின் உறக்கமும் பதினேழு பக்கத்துக்குள் விற்றாயிற்று.
அவள் பென் டிரைவை என் மேசையில் விட்டுப் போனாள்.
மறந்தாளா, விட்டாளா, நான் கேட்கவில்லை.

கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள்
எங்கள் மதில் போஸ்டரைத் தின்னும், கோதுமைப் பசைக்காக.
இம்முறை நாயகனின் தாடையில் தொடங்கி
கம்பனியின் பெயர் வரை வந்திருந்தன.
ஒட்டியதற்குச் சாட்சியாகப் படம் அனுப்ப வேண்டும்.
மான் எழும்பும் முன் எடுத்துவிடுவேன்.

இரண்டாம் கிழமைச் செவ்வாய் திறப்பு வரவில்லை.
அங்கே விடுமுறையாம். இல்லை, நேரக் கணக்குப் பிழையாம்.
அன்றைக்கென்று மூதூரிலிருந்து ஒரு டியூட்டரி வகுப்பே வந்திருந்தது.
முதலில் விசில். பிறகு கதிரையைத் தட்டுகிற சத்தம்.
என் கை லாச்சியைத் திறப்பதை
நான் வேறு யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் ஒரு பெண்,
என்ஜின் நின்றுபோன படகில், தனியாக.
பின்னால் மா ஆலையின் விளக்குகள்.
கயிற்றை இழுக்கிறாள். திரும்பவும் இழுக்கிறாள்.
பாட்டில்லை. எந்தக் கட்டடமும் விழவில்லை.
"அடேய், எங்கட ஜெட்டி" என்றான் ஒரு பெடியன்.
அதன் பிறகு விசில் இல்லை.

பதினோராம் நிமிடம் கணினி மணியடித்தது.
திறப்பு.
நான் வீரனில்லை. சம்பளம் ஐந்தாம் திகதி.
பாதி இழுத்த கயிறோடு அவளை நிறுத்தினேன்.
நகரங்கள் இடியத் தொடங்கின.

அவர்களின் இயந்திரம் எல்லாவற்றையும் குறித்து வைக்கும்.
கடிதம் வந்தது: பத்து ஐம்பத்திரண்டு முதல்
பதினொன்று மூன்று வரை ஓடியது என்ன?
மின்தடை என்று எழுதினேன்.
எங்கள் ஊரைப் பற்றி
அந்த ஒன்றை உடனே நம்பினார்கள்.

ஆனால் அன்று இடைவேளையில்
ஒரு பிள்ளை படியேறி வந்தாள், கையில் கடலைச் சுருள்.
"அந்த அக்கா கரைக்கு வந்தாவா?"
தெரியாது என்றேன்.
உண்மையாகவே தெரியாது.

பென் டிரைவ் இப்போது திறப்புக் கொத்தில் தொங்குகிறது,
முறிந்த பல்கனித் திறப்புக்குப் பக்கத்தில்.
வீட்டு டீவியில் போட்டுப் பார்க்கலாம்தான்.
மனைவியின் நாடகம் முடியப் பத்தரையாகும்.