இரண்டு விரல் உயரம்

ஹெல்சிங்கியில் டிசம்பர்.
மூன்று மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
துறைமுகப் பனிக்கட்டியில் கடைசிப் படகு கீறிய கோடு
எங்கள் கூடத்துச் சன்னல் வழியே
யாரோ பாதியில் விட்டுப்போன வரைபடமாகத் தெரியும்.

இரண்டாம் தளத்தில் நாற்காலிகள்.
நாற்பத்தொன்று.
வளைத்த பூர்ச்சமரம், இரும்புக் குழாய், பிரம்பு,
உடைத்த முட்டையோடு மாதிரி ஒன்று,
எதற்கென்றே தெரியாத முக்காலி ஒன்று.
எல்லாம் மேடைமேல்.
எதிலும் உட்காரக் கூடாது.

அந்த அறைக்குக் காவல் ஹில்க்கா வான்ஸ்கா.
எட்டு மணி நேரம் நிற்கிறாள்.
காவலர் உட்கார்ந்தால் கவனம் குறையும் என்று
எப்போதோ வந்த சுற்றறிக்கை சொல்கிறது.
வலது முழங்காலுக்கு மட்டும் மாத்திரை போடுகிறாள்;
இடது இன்னும் விசுவாசமாக இருக்கிறதாம்.

நான் அளப்பவன்.
மாதம் ஒருமுறை கையுறை மாட்டிக்கொண்டு
பொருள்களுக்கு நாடி பார்க்கிறேன்.
விரிசல், பூச்சி, ஈரம், தொய்வு.
வாய் திறக்காத நோயாளிகள், உனக்கென்ன கஷ்டம்
என்பாள் என் மனைவி.

பதினேழாம் எண்ணின் அட்டை இப்படி:
“ஐமோ ரவுத்தாலா, 1957.
அருங்காட்சியகக் காவலருக்கான இருக்கை.
முதல் மாதிரி. செலவு கருதி நிராகரிக்கப்பட்டது.”
ஆறு குளிர்காலமாக ஹில்க்கா
இந்த அட்டைக்கு எதிரில்தான் நிற்கிறாள்.
படித்திருக்கிறாளா என்று நான் கேட்டதில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்,
தோல்வாரின் தொய்வு இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது.
மரம் மூச்சுவிடும், தெரியும்.
தோல் தளரும், அதுவும் தெரியும்.
ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு மில்லிமீட்டர்
மனித எடை.

குனிந்தேன்.
குறுக்குக் கட்டைக்கும் வாருக்கும் நடுவே
நாலாய் மடித்த தாள்.
பார்வையாளர் கருத்துப் படிவம்.
பெயர் இடத்தில் ஒன்றுமில்லை.
வந்த நோக்கம்: பணி.

“முதுகை நன்றாகத் தாங்குகிறது.
கைப்பிடியில் கோப்பைக்குக் குழி தோண்டியிருக்கிறார், நல்ல மனிதர்.
கதவு கண்ணில் படும்படி லேசாகத் திருப்பிய கோணமும் சரி.
ஆனால் உயரம் இரண்டு விரல் அதிகம்.
கால் தரையில் படவில்லை.
ஓர் ஆணை உட்காரவைத்து அளந்திருப்பார்.
சரிசெய்த பிறகு தெரிவிக்கவும்.”

சரிசெய்த பிறகு.
ரவுத்தாலா செத்து முப்பத்தெட்டு வருஷம்.

இதை எங்கே சேர்ப்பது என்று
மத்தியானம் முழுக்க உழன்றேன்.
புகார் என்றால் கீழ்த்தளம்.
விதிமீறல் என்றால் மேல்தளம்.
கடைசியில் ஆவணக் கிடங்குக்குப் போய்
பதினேழின் உறையைத் திறந்தேன்.
அவருடைய பென்சில் கோடுகள்,
தச்சருக்கு எழுதிய கெஞ்சல் கடிதம்,
நிதிக் குழுவின் ஒருவரி மறுப்பு.
அப்புறம் ஒரு பழுப்பு மடிப்பு,
மேலே அவர் கையெழுத்தில்
‘பயன்படுத்தியவர் கருத்து’.
உள்ளே எதுவும் இல்லை, அன்றுவரை.

வைத்தேன். எண் போட்டேன்.
என் அறிக்கையில் எழுதினேன்:
தொய்வு, இரண்டு மி.மீ. காரணம், பயன்பாடு.

மாலை படியிறங்கும்போது
ஹில்க்கா சுவரில் சாய்ந்து, ஒற்றைக்காலில்,
கம்பளிக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.
“பதினேழு எப்படி இருக்கிறது?”
“உயரம்தான்,” என்றேன்.
ஆமாம் என்று தலையசைத்தாள்,
எதிரில் நிற்பவன் தச்சன் என்பதுபோல.
“கால் பக்கம் அறுத்தால் போதும்.
மேலே கை வைக்காதீர்கள்.”