அறுபத்தேழு எழுத்து

நாலு பதினொன்றுக்கு
மருந்துக் கடைக் குப்பிகள்
ஒன்றையொன்று தட்டி நலம் விசாரித்தன.
விசாரணை முடிந்து
எல்லாம் தரைக்கு வந்தன.

கௌக்கேனெஸ் நகரம் முழுக்க இருட்டு.
கைப்பேசிகள் வெறும் கைவிளக்குகள்.
மேசைக்கடியில் லாரி பேட்டரியில் ஓடும்
என் வானொலி மட்டும்
சூட்டுக் கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல்
ஒரு கணம் சீறி ஓய்ந்தது.
அந்தச் சீறலுக்குள் ஓர் ஆள்:
அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம்,
அதற்கு மேல் ஏதாவது சொல்ல
அறுபத்தேழு எழுத்து.

பால் லாரி இர்னெல்தோ:
"பாலத்துக்கு முன் நிற்கிறேன். பாலம் இருக்கிறது. நம்பவில்லை."
சௌசால் பள்ளிக் காவலாளி:
"மணி தானாக அடித்தது. ஆறு என்று போடு."
போட்டேன்.
அலமாரி நின்றதா, சுவர் நின்றதா, நீ நின்றாயா,
எங்கள் அளவுகோல் அவ்வளவுதான்.

பிறகு குரானிப்பே கடற்கரையிலிருந்து
ரொசால்பா ஞான்குப்பில்.
குடும்பப் பெயரின் முதல் எழுத்துக்குத் தலைமேல்
சின்னதாய் ஓர் அலைக்கோடு உண்டு.
கருவிக்கு அது புரியாது, வழித்துப் போட்டுவிடும்.
திரையில் அவள் எப்போதும் நான்குப்பில்.
"கடல் பின்னே போகிறது. படகெல்லாம் சேற்றில். கிளம்புகிறேன்."

அதன்பின் சொல் இல்லை.
நிமிடத்துக்கொரு புள்ளி.
ஒன்பது மீட்டர்.
பதினான்கு.
ஒன்பது.
(எதற்குத் திரும்பினாய்?)
இருபத்திரண்டு.

ஒவ்வொரு புள்ளியும்
குன்றின் மேலுள்ள எங்கள் அஞ்சல் பெட்டியின் பெயரை
முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.
அங்கே ஆள் கிடையாது.
ஒரு சூரியப் பலகை, எலி கடித்த வயர்,
மாற்றியிருக்க வேண்டிய பேட்டரி.
சந்தா வரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று
கூட்டத்தில் சொன்னவன் நான்.

நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
மூச்சு வாங்க நின்றாலும் இப்படித்தான் வரும்.
கருவி மட்டும் புதரில் விழுந்து கிடந்தாலும்
இப்படித்தான் வரும்.
"எங்கே?" என்று அனுப்பினேன்.
பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் இல்லை.
கருவி தானாகவே மறுபடி கேட்டது.
மறுபடி.
அதற்கு வெட்கம் கிடையாது.

தலைநகரத்து மையத்திலிருந்து
தசமப் புள்ளி வைத்த எண் ஒன்று வந்தது.
கடலுக்குள் ஒரு வட்டம் போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன்.
இர்னெல்தோ எழுதினார்:
"எண் சரி. நான்குப்பில்?"

ஐந்து இரண்டுக்குச் சீறல்.
ஐம்பத்தெட்டு மீட்டர்.
"திரும்பியது மரியானோவுக்கு. கனமான மனிதர். காஸ் மூடினேனா தெரியவில்லை."
எண்ணிப் பார்த்தேன்.
இன்னும் இருபத்தைந்து எழுத்து
மிச்சம் வைத்திருந்தாள்.

தரையெல்லாம் அயோடின் நாற்றம்.
குறிப்பேட்டில் பேனாவால்,
நேரம், உயரம், பெயர்.
ஞான்குப்பில் என்று
தலையலையோடு எழுதிக்கொண்டிருந்தபோது
தரை மறுபடி அசைந்தது.
மூன்று இருக்கும்.
அந்த அலை மட்டும்
காகித ஓரம்வரை நீண்டுவிட்டது.