இரண்டு விரல்

கல்லூரிச் சுவரை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை.
பின்ஜன்னலைத் திறந்தால் கூடைப்பந்துத் திடல்,
திடல் முடிந்தால் உடைமரங்கள், அப்புறம் கடல்.
கீழக்கரையில் கச்சான் அடிக்கும் மாதங்களில்
காகிதத்தின் மேல் கல் வைப்போம்.
பந்தின் மேல் எதை வைப்பது?

முதலாம் ஆண்டில் சகாய ஜெரிட்டா
பன்னிரண்டு எறிந்து பன்னிரண்டும் விட்டாள்.
தங்கச்சிமடத்துப் பெண், ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.
அவ்வளவு நீளக் கைகளை
வாடகைக்கு எடுத்தவை போல வைத்திருந்தாள்.
விடுதிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
நானும்தான். பொய் சொல்ல மாட்டேன்.

வலையில்லாத வளையத்துக்கு
நண்டுவலைத் துண்டு கொண்டுவந்து அவளே கட்டினாள்.
பச்சை நைலான். பந்து அதில் ஒரு கணம்
மாட்டித் திமிறி விழும்.
அந்தச் சத்தத்தை எண்ணத் தொடங்கினேன்,
மங்கலாக வந்து வீணான தாள்களின் பின்புறத்தில்
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நூறுக்கு முப்பத்தொன்று, அந்த வருடம்.
அடுத்த வருடம் முழங்கால் வீங்கி
மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தாள்.
கோடில்லாத தாள்கள். அவற்றையும் எறியவில்லை.

மூன்றாம் வருடம் ஜன்னலோரம் வந்து நின்றாள்.
"நெய்னாண்ணே, எந்தப் பக்கமா விடுறேன்?"
"கிழக்கே. எப்பவும் கிழக்கே. ரெண்டு விரல்."
காற்று தள்ளுவது அவளுக்குத் தெரியும்,
எவ்வளவு என்பதுதான் தெரியாது.
பிறகு கச்சானுக்கு மேற்கே இரண்டு விரல்,
வாடைக்கு வேறு கணக்கு.
எழுபத்தாறு.

மதுரையில் மண்டலப் போட்டி, உள்ளரங்கம்.
கடையைப் பூட்டிவிட்டு வேனில் நானும் போனேன்.
காற்றே இல்லாத இடத்தில்
காற்றுக்கு இடம் விட்டு எறிந்தாள்.
எல்லாம் இரண்டு விரல் தள்ளி.
பதினாறு புள்ளியில் தோற்றோம்.
பார்த்திபனூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
"இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"
டிரைவர் கேட்டான்.
ஜெயிக்கிற அணிக்குக் கத்த வேன் எதற்கு,
டிவி போதும்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் கூப்பிட்டார்கள்.
இலவச இடம், விடுதி, வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ.
"வளத்து விட்டோம், பறந்துட்டா" என்றார்கள் டீக்கடையில்.
யார் வளர்த்தது?
நான் கோடு போட்டேன், அவ்வளவுதான்.

ஆடி மாதம். எங்கள் வெள்ளிவிழாக் கோப்பை.
நீலச் சட்டையில் அவள் அணி வந்து இறங்கியது.
அவர்கள் எறிந்ததெல்லாம் கிழக்கே ஓடியது.
எங்கள் பிள்ளைகள் ஊளையிட்டார்கள்.
கச்சானுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.
ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று.
மிச்சம் நாலு நொடி.
கோட்டில் வந்து நின்றவள் ஜெரிட்டா,
கடல் பக்கத்து வளையத்தைப் பார்த்து.
ஒரே ஒருமுறை உடைமரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் புரிந்தது,
தொண்டை அப்போதே கட்டிவிட்டது.

பச்சை வலையில் அந்தச் சத்தம்.
இன்னொரு முறை அந்தச் சத்தம்.

எங்கள் காற்றாலேயே எங்களைத் தோற்கடித்தாள்.
வாய் அவளைத் திட்டிக்கொண்டிருக்க
கை பென்சிலைத் தேடி எடுத்து
இரண்டு கோடு போட்டது.
எந்த அணிக்கு என்று எழுதவில்லை.

சாயங்காலம் கடைக்கு வந்தாள்.
ரெக்கார்டு நோட்டு ஜெராக்ஸ் பாக்கி, நாற்பத்திரண்டு ரூபாய்.
ஐம்பதாக நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.
தோற்ற அன்றைக்குத் தள்ளுபடி கிடையாது.
எட்டு ரூபாய் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
"வளையம் துருப்பிடிச்சுப் போச்சுண்ணே, மாத்தச் சொல்லுங்க"
என்றாள், சென்னைக்காரி மாதிரி.

திங்கட்கிழமை காலை.
மக்கனாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
முதலாம் ஆண்டு நூருல் ஃபாயிஸா.
புதுத் தாள் எடுத்தேன்.
எட்டு முறை எறிந்தாள்.
கிழக்கே விலகவில்லை, மேற்கே விலகவில்லை.
காற்று இருக்கும் உயரத்துக்கே
பந்து போகவில்லை.