நூற்றிருபது திருகாணி

மலை தாண்டிய விமானம்
மராமத்துக்கு வந்திருக்கிறது.
வயிற்றைத் திறப்பது என் வேலை.

தரைத்தகட்டில் நூற்றிருபது திருகாணி.
முதல் வரிசை கழன்றதும்
அடியில் அரிசி,
கோவேறு கழுதையின் லாட ஆணி ஒன்று,
கிழிந்த சாக்குச் சீட்டு.

எங்கே போய் வந்தது என்று கேட்டால்
கிளார்க் தீர்த்தகிரி உதட்டில் விரல் வைப்பார்.
சீட்டுக்கு அந்தப் பயம் இல்லை:
சீனம். பதினொரு பேர். சாலை கிடையாது.
உப்பு, பாட்டரி, அரிசி, காலுறை.

எந்த முகட்டில்
வானத்துக்குக் காதைக் கொடுத்து நிற்கிறார்களோ.

இங்கே அல்சூரில்
எத்திராஜம்மா நாலு மணி நேரம் ரேஷனில் நின்று
கோதுமையோடு வந்தாள்.
இதை வடிக்கிறதா இடிக்கிறதா என்று
என்னிடம் சண்டை.

அள்ளினேன். இரண்டு பிடி தேறும்.
கிரீஸ் வாடை.
கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
அந்திக்குள் தகட்டைப் பூட்டினேன்.

கேட்டில் சோதனை.
பையைத் துழாவிய நஞ்சுண்டப்பா
விரலில் ஒட்டிய மணியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
வாயில் போட்டு மென்றான்.
'ஹோகு' என்றான்.

ஆறு தண்ணீர் களைந்தும் வாடை போகவில்லை.
ஏழாவதில் சட்டிக்குள்
ணங்.

விடிந்தால் பறக்கிற வண்டி.
எண்ணாமலே
நூற்றிருபது என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

உலை கொதிக்கிறது.
எத்திராஜம்மா எதுவும் கேட்கவில்லை,
சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தாள்.
விளக்கில் கறுப்புக் காகிதம்.
தொம்மலூர் இறக்கத்தில் சாலை எது, பள்ளம் எது?

கைப்பிடியோடு சேர்த்து
ஈரத் திருகாணியையும் இறுக்கிக்கொண்டு மிதிக்கிறேன்.

வெளியே கொண்டுவந்ததற்கு அவன் கேட்கவில்லை.
உள்ளே கொண்டுபோக
என்ன சொல்வது?