எண்ணூற்றுப் பதினொரு முதலாளிகள்

எங்கள் கழகத்துக்கு
எண்ணூற்றுப் பதினொரு முதலாளிகள்.
அதில் எழுநூற்றுச் சொச்சம் பேர்
இந்த மைதானத்தில்
ஒரு செருப்பைக்கூடத் தொலைத்ததில்லை.

பங்கொன்று ஐயாயிரம் ரூபாய்.
நோர்வேயில் மீன் வெட்டுகிறவர் மூன்று வைத்திருக்கிறார்,
ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிற புருசனும் பெண்சாதியும்
ஆளுக்கொன்று, தனித்தனியாக,
சண்டை வந்தால் பிரிக்க லேசாம்.
இருபது பங்குக்காரர் ஒருத்தர்
ஊரும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை,
முகமிருக்க வேண்டிய இடத்தில் ஒரு மயில்.

நான் செயலாளர்.
எனக்கும் ஒன்று இருக்கிறது.
நாலு தவணையில் கட்டினது,
கடைசித் தவணை கச்சான் விற்ற காசு.

எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு.
மேற்சட்டைக்கு வெள்ளை வென்றது.
ஒட்டுசுட்டான் செம்மண் தோய்த்தாலும் போகாதென்று
எழுதினேன்,
பதினாறு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள்.
கோல் கம்பத்துக்கு வலையா, பெடியளுக்குக் குழாய்க்கிணறா
என்று பதினொரு நாள் வாதம்.
வலை.
பெடியள் இப்பவும் மதிலேறிப் போய்
பள்ளிக்கூடத்துப் பைப்பில்தான் வாய் வைக்கிறார்கள்.

வைகாசியில், இடது பக்கம் ஆர் ஓடுவதென்று கேட்டார்கள்.
ஆறு வாக்கால் தோற்றான் றெஜிதரன்.
முத்தையன்கட்டு வாய்க்கால் வரம்பில்
மருந்துத் தாங்கி முதுகில் கிடக்க நின்றவனுக்கு
நான்தான் போய்ச் சொன்னேன்.
‘அந்த ஆறு பேரும் ஆரெண்டு தெரியுமோ அக்கா?’
கோபமில்லை.
தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்கிற குரல்.
தெரியாது என்றேன்.
தெரியத்தான் செய்தது, இரண்டு பேரை.

பொய் சொல்லக்கூடாது,
கபிலாசின் முழங்கால் விலகிய இரவு
வாக்கெடுப்பு ஒன்றும் இல்லை.
விடியமுதல் வவுனியாவுக்கு வான் வந்தது,
ஒப்பரேசனுக்குக் காசு வந்தது,
முதலில் அனுப்பினது மயில்.

பிறகு ஐப்பசி. மாங்குளத்தோடு அரையிறுதி.
லான்ட்மாஸ்டர் பெட்டியில் மூங்கில் நட்டு
உச்சியில் என் போனைக் கட்டியிருந்தோம்.
ரொறன்ரோவில் காலைத் தேத்தண்ணி,
பாரிஸில் மத்தியானம்,
சிட்னியில் பிள்ளைகள் படுத்த நேரம்.
அறுநூற்று நாற்பது பேர் பார்க்கிறார்களென்று
போன் சொன்னது.
மைதானத்தில் எழுபது பேர், இரண்டு நாய்,
ஐஸ்பழக்காரன்.

எண்பத்தெட்டாவது நிமிசம்.
வாக்கில் வென்றவனுக்குக் கெண்டைக்கால் பிடித்தது.
றெஜிதரன் இறங்கினான்.
இறங்கிய கையோடு அவனை விழுத்தினார்கள்,
பெட்டிக்குள்.
பெனால்டி.

அப்போதுதான் மழை.
கோபுரம் மின்னலுக்குக் கண்ணை மூடிற்று.
போனில் கடைசியாக நின்ற படம்
ஒரு முழங்கை, கொஞ்சம் வானம்.

அந்த நேரத்தில் கழகம் ஆருடையதென்று
எனக்குத் தெரியவில்லை.
ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.
பந்தை வைத்தான்,
வழித்து மண் துடைத்தான், திரும்ப வைத்தான்.

கம்பத்துக்கு மேலால் போனது,
மதிலுக்கும் மேலால்.
எண்ணூற்றுப் பதினொரு பேரின் வலை
மழையில் மட்டும் அசைந்தது.

பந்தெடுக்க அவனே மதிலேறினான்.
வரக் கொஞ்சம் சுணங்கியது.
பைப்படியில் நின்றிருப்பான்.

நாற்பது நிமிசம் கழித்துக் கவறேஜ் வந்தது.
என்ன நடந்தது, என்ன நடந்தது என்று
போன் சூடாகும் வரைக்கும் கேட்டார்கள்.
ஒன்றுக்குப் பூச்சியம், தோல்வி என்று போட்டேன்.
உடனே ஒருவர்,
பெனால்டி விட்டவனை நிறுத்துவதா வேண்டாமா,
ஆம், இல்லை,
நாளை இரவுக்குள்.
‘ஆர் அடிச்சது?’ என்றார் நோர்வேக்காரர்.

ஈரக் கையால் தட்டினேன்:
சரியான மழை. நம்பர் தெரியேல்ல.
எல்லாச் சட்டையும் ஒரே சிவப்பு.

முதல் வந்த விருப்பம்
மயிலுடையது.